நம்பர் கொடுக்கிறோம், மணி கொடுப்பதில்லை: சேலத்து டாக்டர்களுக்கு டோக்கன் மேசையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு, வணக்கம்.

நாலு ரோடு, அஞ்சு ரோடு, செர்ரி ரோடு, அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, சூரமங்கலம் என்று ஊர் முழுக்க இருக்கும் உங்கள் கிளினிக்குகளில், அறைக்கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். போன் எடுப்பது, பேர் எழுதுவது, எடை பிரஷர் பார்ப்பது, நம்பர் கூப்பிடுவது, நம்பர் தாண்டிப்போனவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் எங்கள் பாடு. திட்டு வாங்குவதும் அதில் சேர்த்திதான், அதைப் பற்றிப் புலம்ப இந்தக் கடிதம் இல்லை. டோக்கன் முறையில் எது எங்கே இடறுகிறது என்பது அறைக்கு உள்ளே இருக்கும் உங்களைவிட வெளியே இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்கிறோம். சரிசெய்யும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கே சொல்கிறோம்.

காலையில் போன் செய்பவரிடம் "உங்க நம்பர் 31ங்க" என்கிறோம். அவருக்கு அதனால் என்ன தெரிந்தது? தனக்கு முன்னால் 30 பேர் என்பது தெரிந்தது. ஓமலூரில் எத்தனை மணிக்குப் பஸ் ஏறுவது, தறியை எப்போது நிறுத்துவது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை யாரிடம் விடுவது என்று எதுவும் தெரியவில்லை. "டாக்டர் எத்தனை மணிக்கு வருவாருங்க?" என்று கேட்பார். "அஞ்சரைக்கு" என்போம். 31ஆம் நம்பர்காரரும் அஞ்சரைக்கே வந்துவிடுவார், முதல் நம்பர்காரரும் அஞ்சரைக்கே வருவார். கூட்டம் சேர்வது நோயாளிகள் அதிகமாக இருப்பதால் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிக் கூட்டம் நாம் கூட்டிவைத்தது.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மாலை 5.30 முதல் 9 வரை 210 நிமிடத்தில் 35 பேரைப் பார்க்கலாம். 35 பேரும் 5.30க்கே வந்து உட்கார்ந்தால் கடைசி ஆள் 204 நிமிடம் காத்திருப்பார். சராசரியாக ஒருவருக்கு 102 நிமிடம். இது நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து, ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் பார்த்தால். அறுவை அரங்கிலிருந்தோ அரசு மருத்துவமனைப் பணி முடிந்தோ 6.15க்கு வந்து சேர்ந்தால் சராசரி 147 நிமிடம் ஆகிவிடும். யார் மேலும் தப்பில்லை, எல்லோரும் ஒழுங்காக வேலை பார்த்தார்கள், ஆனாலும் இரண்டரை மணி நேரம் போயிற்று.

ஹாலில் நாற்காலி போதவில்லை என்று புதிதாக வாங்கிப் போடுகிறீர்கள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 10 பேர் வந்து, ஒவ்வொருவரும் 2 மணி நேரம் காத்திருந்தால் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் ஹாலில் 20 நோயாளிகள் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு துணை, ஆக 40 பேர். காத்திருப்பு 40 நிமிடமாகக் குறைந்தால் அதே 10 பேர் வரும் கிளினிக்கில் 7 நோயாளிகள், துணையோடு 14 பேர். நாற்காலிக் கடைக்காரருக்குத்தான் நட்டம்.

ஆகவே நம்பரோடு மணியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் உங்கள் கையில் ஒருவருக்கு உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிய வேண்டும். கேட்டால் எல்லா டாக்டரும் "அஞ்சு நிமிஷம்" என்பார்கள். நோட்டில் எழுதிப் பார்த்தால் அப்படி இருப்பதில்லை.

ஒரு 80 பக்க நோட்டு போதும். நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். முதலில் டோக்கன் நம்பர், இரண்டாவது ஆள் வந்து சேர்ந்த மணி, மூன்றாவது அறைக்குள் போன மணி, நான்காவது என்ன வகை. வகைக்குப் புதியவர் என்றால் 'பு', மறுபடி வருபவர் என்றால் 'ம', ரிப்போர்ட் காட்ட மட்டும் என்றால் 'ரி'. வெளியே வந்த மணியை எழுத வேண்டாம். ஒருவர் உள்ளே போனதிலிருந்து அடுத்தவர் உள்ளே போகும்வரை உள்ள இடைவெளிதான் உண்மையான நேரம். கை கழுவுவது, போன் பேசுவது, மருந்துக் கம்பெனி ரெப் எட்டிப் பார்ப்பது, டீ குடிப்பது எல்லாம் அதில் அடங்கிவிடும். ஆறு நாள் எழுதினால் போதும். திடீரென்று ஒரு கேஸுக்காக நீங்கள் எழுந்து ஓடிய நாள் இருந்தால் அந்த வரிக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, சராசரியில் சேர்க்காமல் விட்டுவிடலாம். ஆனால் ரெப் வந்த நேரத்தை விடக்கூடாது. அது தினமும் நடப்பது.

சராசரி 6 நிமிடம் என்று வந்தால் அரை மணிக்கு 5 பேர். இங்கேதான் பலரும் தவறுவது: 5 பேரையும் எழுதிவிடுவார்கள். 4 பேரை மட்டும் எழுத வேண்டும். ஒரு இடம் காலியாகவே கிடக்கட்டும். காய்ச்சல் முற்றி வரும் குழந்தை, கீழே விழுந்த பாட்டி, நீங்களே உள்ளே கூப்பிடும் தெரிந்தவர், எல்லாருக்கும் அந்த இடம். முதல் அரை மணிக்கு மட்டும் 5 பேரை எழுதலாம். முதல் ஆள் வரத் தாமதமானால் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது அல்லவா? 1952லேயே இங்கிலாந்தில் பெய்லி, வெல்ச் என்ற இருவர் ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவுகளுக்குச் சொன்ன வழியும் இதுதான்: தொடக்க நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல், அப்புறம் சராசரி நேரத்துக்கு ஒருவராக வரச் சொல். நம் ஊருக்கு நிமிடக் கணக்கு ஒத்து வராது. டவுன் பஸ்ஸை நம்பி வருபவரிடம் 6.42க்கு வாருங்கள் என்று சொல்ல முடியாது. "ஆறரையிலிருந்து ஏழுக்குள்ள வந்துருங்க" என்று சொல்லலாம். அரை மணிக் கட்டம்தான் இங்கே தாங்கும்.

5.30 முதல் 9 வரை ஏழு கட்டம். முதல் கட்டத்தில் 5, மற்ற ஆறில் 4 வீதம், மொத்தம் 29 பேர் எழுதி வருபவர்கள். 6 இடம் காலி. "எனக்குத் தினமும் 50 பேர் வர்றாங்களே" என்று சில டாக்டர்கள் கேட்பது காதில் விழுகிறது. 210 நிமிடத்தில் 50 பேர் என்றால் ஒருவருக்கு 4 நிமிடம் 12 விநாடி. அது உங்கள் விருப்பம், நாங்கள் சொல்வதற்கு இல்லை. ஆனால் 6 நிமிடம் எடுத்துக்கொண்டு 50 டோக்கன் போட்டால் இரவு 10.30க்குத்தான் கதவு பூட்ட முடியும், அதை 9 என்று போர்டில் எழுதியிருப்பது பொய். ஒன்று 4 மணிக்கு ஆரம்பியுங்கள், அல்லது டோக்கனைக் குறையுங்கள். நடுவில் ஒரு வழி இல்லை.

வகை எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக வருபவருக்குப் பத்து நிமிடம் ஆகும், பிரஷர் மாத்திரை எழுதி வாங்க மறுபடி வருபவருக்கு ஐந்து நிமிடம் போதும். காலையில் போன் எடுத்த வரிசைப்படியே எழுதினால் ஒரே கட்டத்தில் நான்கு புதியவர்கள் விழுந்துவிடுவார்கள், அந்தக் கட்டம் 40 நிமிடம் ஓடும், பின்னால் வருகிற எல்லாம் சரியும். ஒரு கட்டத்துக்கு ஒரு 'பு', மூன்று 'ம' என்று கலந்து போட்டால் 10ம் 15ம் சேர்ந்து 25 நிமிடம், மிச்சம் 5 நிமிடம் கையில். இதற்குப் போனில் ஒரே ஒரு கேள்விதான் கூடுதலாகக் கேட்க வேண்டும்: "டாக்டர்கிட்ட முன்னாடி வந்திருக்கீங்களா?"

ரிப்போர்ட்காரர்கள் தனிக் கதை. "சும்மா காட்டிட்டுப் போயிடுறேங்க, ரெண்டே நிமிஷம்" என்று கதவோரம் நிற்பவரை வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருபது பேரும் முறைத்துப் பார்ப்பார்கள். அவர் சொல்வதும் நியாயம். நேற்றுக் காட்டி, எழுதிக் கொடுத்த டெஸ்டை எடுத்து வந்திருப்பவரை மறுபடி மூன்று மணி நேரம் உட்கார வைப்பது சரியில்லை. ஒவ்வொரு மணியின் கடைசிப் பத்து நிமிடத்தை 'ரி' வகைக்கு என்று ஒதுக்கி, அதைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். 6.20, 7.20, 8.20 என்று நேரம் தெரிந்தால் யாரும் கதவைச் சுரண்ட மாட்டார்கள். இதற்கு ஆகும் நிமிடத்தைக் காலி இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலை எட்டு மணிக் கூத்தைப் பார்ப்போம். எட்டுக்கு போன் திறக்கும், எட்டு இருபதுக்கு டோக்கன் முடிந்துவிடும். அந்த இருபது நிமிடத்தில் லைன் கிடைத்தவர் பிழைத்தார். வீட்டில் பிள்ளைகள் மூன்று செல்போனிலிருந்து ஒரே நேரத்தில் அடிக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும், பட்டன் போன் வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் ஆயாவுக்குக் கிடைக்காது. நோய் யாருக்கு அதிகம் என்பதற்கும் டோக்கன் யாருக்குக் கிடைக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சில கிளினிக்கில் போனே கிடையாது, விடியற்காலை கேட்டில் தொங்கும் நோட்டில் தாங்களே பேர் எழுத வேண்டும். ஒரே ஆள் ஆறு பேர் எழுதிவிட்டுப் போவார். மழை வந்தால் நோட்டு நனைந்து எல்லாம் போச்சு.

எல்லா டோக்கனையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். 29 இடத்தில் பாதியை முந்தின நாள் மாலையே கொடுக்கலாம். மறுபடி வரச் சொன்னவர்களுக்கு அறையை விட்டு வெளியே வரும்போதே அடுத்த தேதியும் கட்டமும் எழுதிக் கொடுத்துவிடலாம், அவர்கள் மறுபடி போன் செய்யவே வேண்டாம். எட்டு மணிப் போன் கூட்டத்தில் பெரும்பங்கு மாதாமாதம் வரும் சுகர், பிரஷர்காரர்கள்தான் என்பதால் இந்த ஒன்றைச் செய்தாலே லைன் பாதி இறங்கிவிடும். மீதி இடங்களில் ஐந்தாறைக் காலை 11 மணிவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். அன்றைக்கே உடம்பு சரியில்லாமல் போனவர்களுக்கு அது. காலையில் காய்ச்சல் வந்தவர் முந்தின நாளே பேர் எழுதியிருக்க முடியாதல்லவா?

மிஸ்டு கால் முறையும் நன்றாக வேலை செய்கிறது. "எட்டிலிருந்து எட்டரைக்குள் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், வரிசைப்படி நாங்கள் கூப்பிடுகிறோம்" என்று சொல்லிவிட்டால் யார் முதலில் அடித்தார் என்பது போனிலேயே பதிந்திருக்கும், சண்டைக்கு இடமில்லை, அவர்களுக்குக் காசும் இல்லை. ஆனால் ஒரே நம்பரிலிருந்து பத்துமுறை அடித்தால் முதல் அழைப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அப்புறம் அந்த சிம் கிளினிக் பேரில் இருக்க வேண்டும். வேலை பார்க்கும் பெண்ணின் சொந்தப் போனில் டோக்கன் போட வைக்கும் கிளினிக்குகள் இன்னும் இருக்கின்றன. அவர் கல்யாணமாகி நாமக்கல் போய்விட்டால் நோயாளிகளின் நம்பரெல்லாம் கூடவே போய்விடும். இரவு பதினொரு மணிக்கு அவர் வீட்டுக்கு "டாக்டர் நாளைக்கு இருக்காருங்களா" என்று போன் வருவதும் நிற்காது.

போனில் பேர் எழுதும்போது வெறும் பேர் மட்டும் எழுதினால் மாலையில் மூன்று செல்வி, இரண்டு முருகன் எழுந்து நிற்பார்கள். பேர், இனிஷியல், வயது, ஊர், நம்பரின் கடைசி நான்கு எண். "அம்மாபேட்டை செல்வி, 42" என்று எழுதினால் குழப்பம் வராது. எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும், பத்து விநாடி ஆகும். இன்னொன்று: கொடுக்கும் நம்பர் பெங்களூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கும். டாக்டர் வரத் தாமதம் என்று குறுஞ்செய்தி அனுப்பினால் பெங்களூரில் மகனுக்குப் போகும், இங்கே அப்பா ஹாலில் உட்கார்ந்திருப்பார். "கூட வர்றவங்க நம்பர் குடுங்க" என்று கேட்க வேண்டும். செய்தி தமிழில் போகட்டும்.

நம்பர் கூப்பிடும்போது நோயின் பேரைச் சொல்லக்கூடாது. "கர்ப்பப்பை ஸ்கேன் செல்வி யாருங்க" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்துவது எங்கள் பக்கத்துத் தப்பு, ஒத்துக்கொள்கிறோம். மேசைமேல் நோட்டை விரித்து வைப்பதும் அதே தப்புதான். வருகிறவரெல்லாம் தன் பேரைத் தேடும் சாக்கில் எல்லார் பேரையும் வாசிப்பார்கள்.

ஆப்பில் டோக்கன் போடும் வசதியைப் பல டாக்டர்கள் சேர்த்திருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் ஆப்புக்கு ஒரு வரிசை, போனுக்கு ஒரு வரிசை, நேரில் வருபவருக்கு ஒரு வரிசை என்று மூன்று இருந்தால் மூன்று 5ஆம் நம்பர் வந்து நிற்கும். ஆப்பில் 1 முதல் 20 வரை விட்டால் இன்னும் மோசம், போனில் பேசியவர் எல்லாம் 20க்குப் பின்னால். ஒற்றைப்படை போனுக்கு, இரட்டைப்படை ஆப்புக்கு என்று பிரித்தால் இரண்டும் தானாகவே கலந்து வரும். எழுதும் நோட்டு ஒன்றே ஒன்று. ஆப்பில் வந்தது உடனே நோட்டில் ஏற வேண்டும். கரண்ட் போனாலும் நோட்டு போகாது.

நம்பர் தாண்டிப்போனவரைப் பற்றி எழுதி ஒட்டிய விதி எங்குமே இல்லை. ஒவ்வொரு நாளும் புதிதாகச் சண்டை. உடனே உள்ளே விட்டால் உட்கார்ந்திருப்பவருக்குக் கோபம், கடைசியில் போகச் சொன்னால் டீ குடிக்கப் போய்விட்டு வந்தவருக்கு அநியாயம். "நம்பர் தாண்டினால் வந்த பிறகு மூன்று பேர் கழித்து உள்ளே விடப்படும்" என்று ஒரே வரி எழுதி, உங்கள் கையெழுத்தோடு ஒட்டுங்கள். உங்கள் கையெழுத்து இருந்தால் எங்களோடு யாரும் வாதாட மாட்டார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கட்டணத்தை எழுதிப் போடத்தான் வேண்டும், அந்த போர்டுக்குக் கீழேயே இதற்கும் இடமிருக்கிறது.

வராமல் போகிறவர்கள் சொல்லாமல் போகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறோம். சொல்வதற்கு நாம் வழி வைத்தோமா? எட்டு மணிக்கே லைன் கிடைக்காத போனில் ரத்து செய்ய யார் அடிப்பார்கள்? மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை ரத்து செய்ய மட்டும் போன் எடுக்கப்படும் என்று வைத்தால் சிலராவது சொல்வார்கள். அதில் விழும் இடத்தைக் காலையில் கிடைக்காமல் போனவர்களின் பட்டியலிலிருந்து நிரப்பலாம். முன்பணம் வாங்கினால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று யுபிஐ கியூஆர் ஒட்டுபவர்கள், டாக்டர் வராத நாளில் பணம் எப்போது, எப்படித் திரும்பும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நாங்கள் பார்த்தவரை முன்பணத்தைவிட மத்தியானம் ஒரு போன் கால் அதிகம் வேலை செய்யும்.

மேசையில் உட்காருபவருக்கு மருத்துவம் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஆனால் யாருக்கு டோக்கனே கொடுக்கக் கூடாது என்பது தெரிந்தாக வேண்டும். இதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வேர்வையோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு தப்புதல், வாய் கோணுதல், பேச்சு குழறல், ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போதல், பாம்புக்கடி, விஷம், தலையில் அடிபட்டு வாந்தி, கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு அல்லது கண் மங்கலோடு கடும் தலைவலி, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் கைக்குழந்தை. இதில் எதைக் கேட்டாலும் "சாயங்காலம் அஞ்சரைக்கு வாங்க" என்ற பதில் வாயில் வரக்கூடாது. உடனே 108, அல்லது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவு. பக்கவாதம் போலத் தெரிந்தால் "கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?" என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு, அது அந்த நேரத்திலிருந்துதான் ஓடும். டெங்கு காலத்தில் "காய்ச்சல் விட்டுருச்சுங்க, டோக்கன் வேண்டாம்" என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், படுத்த படுக்கையாகக் கிடப்பது ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும். ஆபத்து வருவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பவரைக் கைக்குழந்தைகளுக்கு நடுவே உட்கார வைக்காமல், முகக்கவசம் கொடுத்து ஜன்னலோரம் அமர்த்த வேண்டும்.

இந்தப் பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு முதல் நாள் பாடம் கம்ப்யூட்டர் இல்லை, இது.

வெறும் வயிறு பிரச்சினை எங்களைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிது. "வெறும் வயித்துல வரணுங்களா?" என்று கேட்பார்கள். தெரியாத பிள்ளை "ஆமாங்க" என்று சொல்லிவிடும். மாலை ஆறு மணி டோக்கனுக்கு, சுகர் இருக்கும் 70 வயதுக்காரர் காலையிலிருந்து பட்டினி கிடந்து வருவார். மாத்திரை மட்டும் போட்டிருந்தால் ஹாலிலேயே தலை சுற்றி விழுவார். எந்த டெஸ்டுக்கு என்ன என்று மேசையில் எழுதியிருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, இரத்தம் கொடுக்கும்வரை சுகர் மாத்திரை போடலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து இரண்டு மணி நேரம், கை கழுவியதிலிருந்து இல்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சிக்குப் பட்டினி வேண்டாம். வயிற்று ஸ்கேனுக்குப் பட்டினி, அடிவயிற்று ஸ்கேனுக்கு மூத்திரம் முட்டியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எழுதியிருந்தால் ஸ்கேன் சென்டரில் கேட்டுச் சொல்ல வேண்டும், நாமே ஊகிக்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்குத் தேதி தள்ளிப் போடுவதில் இன்னும் கவனம். கருவின் கழுத்துப் பின்புறத்தை அளந்து பார்க்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும். "இந்த வாரம் டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டால் அந்த வாய்ப்பு திரும்பி வராது. நோட்டில் கர்ப்பிணி பேருக்குப் பக்கத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியையும் எழுதி வைத்தால் மேசையில் இருப்பவரே எண்ணிப் பார்த்துவிடலாம்.

தடுப்பூசிக் குழந்தைகளையும் காய்ச்சல் குழந்தைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது நமக்கெல்லாம் பழகிவிட்டது. தடுப்பூசிக்கு முதல் கட்டம் என்று தனியாக வைத்துவிட்டால் போதும். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. மருந்தைக் கலக்கினால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பதால் அந்தக் குழந்தைகளை ஒரே நாளில் வரவழைப்பது மருந்துக்கும் மிச்சம்.

மலையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவருக்கும், அஸ்தம்பட்டியிலிருந்து நடந்து வருபவருக்கும் ஒரே மாதிரி டோக்கன் கொடுக்கிறோம். நாகலூர் பக்கம் இருந்து வருபவர் முதலில் ஏற்காட்டுக்கு வந்து, அப்புறம் கீழே இறங்க வேண்டும். அவருக்கு இரவு 8.30 கட்டம் கொடுத்தால் கடைசி பஸ் போய்விடும், பஸ் ஸ்டாண்டில்தான் படுக்க வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஒரு நாள் இறங்கி வருவது ஒரு நாள் கூலி. ஆகவே ஊர் எழுதும் கட்டத்தில் மலை என்று தெரிந்தால் முதல் இரண்டு கட்டத்துக்குள் போட வேண்டும், டெஸ்ட் தேவைப்படும் என்றால் காலையிலேயே வந்து இரத்தம் கொடுத்து, மாலையில் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகும்படி ஒரே பயணமாகச் செய்ய வேண்டும். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாள்களும் சுற்றுலா வண்டிகளால் மலைப்பாதை நகராது. அந்த நாள்களில் மலைக்காரர்களுக்குத் தேதியே கொடுக்காதீர்கள். மழையில் மண் சரிந்து பாதை அடைத்தால் மறுபடி வருபவர்களைப் போனிலேயே பார்க்கலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் அதற்கு இடம் தருகின்றன, எந்தெந்த மருந்தை அப்படி எழுதலாம் என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது. அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, நேரம் சொல்லி, அந்த நேரத்தில் நீங்கள் கூப்பிட வேண்டும். "அப்புறம் பேசுறேன்" என்று விட்டுவிட்டால் அவர் நாள் முழுக்க சிக்னல் கிடைக்கும் மேட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஆடிப் பண்டிகை, பொங்கல், தீபாவளிக்கு மறுநாளும் ஒவ்வொரு திங்கள்கிழமையும் கூட்டம் பொங்கும் என்பது தெரிந்ததே. அன்றைக்கு எழுதி வருபவர்களைக் கட்டத்துக்கு மூன்றாகக் குறைத்துக் காலி இடத்தைக் கூட்டுங்கள்.

கடைசியாக, உங்களால் மட்டுமே ஆகக்கூடிய மூன்று விஷயம்.

வரத் தாமதமானால் 4.45க்குள் ஒரு வரி அனுப்புங்கள், "இன்று 6.15" என்று. "வந்துட்டே இருக்காருங்க" என்று நாங்கள் சொல்வதை இப்போது சேலத்தில் யாரும் நம்புவதில்லை. நேரம் தெரிந்தால் முதல் பத்து பேருக்குப் போன் செய்வோம், மற்றவர்களுக்குச் செய்தி போகும், வாசலில் வெள்ளைப் பலகையில் "45 நிமிடம் தாமதம், இப்போது நம்பர் 3" என்று எழுதிவிடுவோம். பெரும்பாலான நாள் 6.15தான் என்றால் போர்டையே 6.15 என்று மாற்றிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ரெப்களுக்கு வாரத்தில் ஒரு நாள், கிளினிக் திறக்குமுன் ஒரு நேரம் கொடுங்கள். ஒரு மாலையில் எட்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 24 நிமிடம். நான்கு நோயாளிகள். அவர்களும் பாவம், இரவு ஒன்பதுவரை மாடிப்படியில் நின்றுதான் பிழைக்கிறார்கள்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. வரிசையை அதிகம் உடைப்பது வெளியே இருப்பவர்கள் இல்லை, உள்ளே இருந்து வரும் மணிச் சத்தம்தான். தெரிந்தவர் போன் செய்திருப்பார், கவுன்சிலர் வீட்டுக்காரர் வந்திருப்பார், நீங்கள் கூப்பிடுவீர்கள். கூப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊரில் தொழில் செய்கிறவருக்கு அது முடியாது. அரை மணிக்கு ஒரு காலி இடம் வைத்திருக்கிறோமே, அதில் கூப்பிடுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். கூப்பிடுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஹாலில் எழுந்து நின்று கேட்பவருக்கு "டாக்டர் அவசரமா கூப்பிட்டிருக்காருங்க, அடுத்தது நீங்கதான்" என்று சொல்ல எங்களுக்கு ஒரு பதில் வேண்டும்.

நான்கு கட்டம் போட்ட நோட்டு தயாராக இருக்கிறது. வருகிற திங்கள் முதல் சனிவரை எழுதுகிறோம். சனிக்கிழமை இரவு ஷட்டரை இறக்குமுன் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். முதலில் அறைக்குள் போன மணி எழுதிய மூன்றாம் கட்டத்தில் முதல் வரியைப் பாருங்கள், ஆறு நாளும் முதல் ஆள் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று.

இப்படிக்கு,
டோக்கன் மேசையில் வேலை பார்ப்போர் சிலர்,
சேலம்.